ஜன்னலோரக் கட்டில்

மண்ணடி, சென்னை
12 ஜனவரி 2025

அன்புள்ள ஜைனப் லாத்தாவுக்கு, தம்பி கபீர் ஸலாம் சொல்லி எழுதுவது.

நானும் மதீனாவும் இங்கே சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபித்தும் சாயிமாவும் நலம்தானே? மச்சான் மௌத்தான பிறகு கைலிக் கடையை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்துகிறீர்கள். போனில் கேட்டால் "எல்லாம் நல்லாயிருக்கு" என்ற ஒரே பதில்தான் வருகிறது. அதற்குள் லைனும் போய்விடுகிறது. கடிதமே மேல் என்று நீங்கள் சொன்னது சரி. தாயாரை வைத்தியத்துக்குச் சென்னைக்குக் கூட்டி வந்து போகிற உங்கள் சிநேகிதி அஸ்மா இருக்கும்வரை நமக்குத் தபால்காரர் தேவையில்லை.

ஒரு நல்ல செய்தி. நான் வருஷக்கணக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேனே, ஏடா கெஸ்லிங் என்ற அமெரிக்கக் கவிஞர், அவருக்கு இது நூற்றாண்டு. இங்கே ஒரு பதிப்பகம் புத்தகம் போட முன்வந்திருக்கிறது. அந்த அம்மாள் யுத்தம் முடிந்த சமயத்தில் ஒரு பெரிய ஏரிக்கரைத் துறைமுக ஊரில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். கல்லூரி வாசல் மிதிக்காதவர். வீட்டில் பேசுகிற பேச்சையே கவிதையாக்கலாம் என்று அந்த நாட்டுக்குக் காட்டியவர்களில் ஒருவர். இன்றைக்கு அங்கே எழுதுகிற பாதிப் பேர் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

அவர் பெயரை நிலைக்க வைத்தது 'கிழக்கு வார்டு' என்ற நெடுங்கவிதை. அவருடைய தங்கை லோயிஸ் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எழுதிய கடிதங்களை எடுத்து, வெட்டி, அடுக்கிச் செய்தது. அதில் ஒரு இடம்:

பக்கத்துக் கட்டில் காலியானது.
என்னை ஜன்னலோரம் தள்ளினார்கள்.
ஏரி தெரிந்தது.
ஏடா, நான் சந்தோஷப்பட்டேன்.

பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்காத பிள்ளை அங்கே இல்லை என்கிறார்கள். சில பக்கங்களை அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு மனதில் பட்டதை எழுதுங்கள். இங்கே எனக்கு இலக்கியத் தமிழ் பேச நூறு பேர் இருக்கிறார்கள். வீட்டுத் தமிழ் பேச நீங்கள்தான். நீளமாக எழுதுங்கள், லாத்தா. உங்கள் கடிதம் வந்தால் எனக்குப் பழைய ரங்கூன் வீட்டுக்கே வந்த மாதிரி.

பிள்ளைகளுக்கு என் துஆ.
கபீர்


அலோன், யாங்கூன்
2 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி கபீருக்கு, உனக்கும் மதீனாவுக்கும் ஸலாம்.

முழங்கால் தொழுகையில் மட்டும் வலிக்கிறது. கடையில் உட்கார்ந்திருந்தால் தெரிவதில்லை. துறைமுகக் கூலி ஆட்கள் வாங்கினால்தான் எனக்கு வியாபாரம். கப்பல் வந்தால் கைலி போகும். இந்த மாதம் கப்பல் குறைவு.

பக்கங்களைப் படித்தேன். பாதி கரண்ட் போன நேரத்தில், மீதி மறுநாள் கடையில். டெலிபோன் கவிதைகள் பிடித்தன. இரண்டு பேர் பேசுவதற்குக் கம்பியைச் சேர்த்துவிட்டு, காதில் விழுவதை விழாதது போல உட்கார்ந்திருக்கிறாளே, அது நன்றாக இருந்தது. எங்கள் மாடியில் எல்லார் வீட்டுச் சத்தமும் எல்லார் வீட்டுக்கும் கேட்கும். நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம்.

ஆனால் அந்த ஜன்னல் வரியில் நின்றுவிட்டேன். பக்கத்தில் கிடந்தவள் போய்ச்சேர்ந்தாள், இவள் சந்தோஷப்பட்டாள். இதை ஒரு பெண் தன் கூடப்பிறந்தவளிடம் சொல்லுவாள். வேறு யாரிடமும் சொல்ல மாட்டாள். அந்தம்மா தங்கையைக் கேட்டுவிட்டுத்தான் அச்சில் போட்டாளா? நீ எழுதவில்லையே.

ஆபித் துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதுகிறான். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை எடுக்கிற சட்டம் வந்ததிலிருந்து, அந்த வயதில் பையன் இருக்கிற வீட்டிலெல்லாம் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைக்கிறார்கள். நாங்களும் வைக்கிறோம். சாயிமாவுக்கு உன் கவிதையைப் படித்துக் காட்டினேன். "உம்மா, பர்மியத்துல சொல்லும்மா, பாதி புரியல" என்கிறாள்.

மதீனா கடிதத்தின் ஓரத்தில் எப்போதும் இரண்டு வரி எழுதுவாளே. இந்த முறை காணோம். உன் பெண்டாட்டியை எழுதச் சொல்.

உங்கள் இருவரையும் அல்லாஹ் சுகமாக வைக்கட்டும்.
ஜைனப்


மண்ணடி
26 பிப்ரவரி 2025

அன்புள்ள லாத்தா, ஸலாம். இங்கே சுகம், அங்கே சுகத்துக்கு துஆ.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: கேட்கவில்லை. புத்தகம் வந்த பிறகுதான் லோயிஸுக்குத் தெரியும். இதைப் பற்றி அங்கே அறுபது வருஷமாகச் சண்டை நடக்கிறது. திருட்டு என்கிறார்கள் சிலர். ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்த, பேர் தெரியாத பெண்ணின் குரலை ஒரு தேசமே கேட்கும்படி செய்ததைத் திருட்டு என்பதா என்கிறார்கள் சிலர். நான் இரண்டாவது கட்சி. அந்தக் கடிதங்கள் அலமாரியில் கிடந்து மக்கிப்போயிருந்தால் யாருக்கு லாபம்?

கெஸ்லிங்குக்குப் பிள்ளைகள் இல்லை. உரிமையெல்லாம் லோயிஸின் மகள் மார்த்தாவிடம் இருக்கிறது. அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைத்துவிடும்.

மதீனாவுக்கு வேலை அதிகம். அடுத்த முறை எழுதுவாள்.

நோன்பு வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
கபீர்


அலோன்
20 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு லாத்தாவின் ஸலாம். பெருநாள் வாழ்த்தைப் பிந்திச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

பூமி அதிர்ச்சி பற்றி நீ போனில் பதறினாய். இங்கே ஆட்டம் மட்டும்தான். கடையில் தொங்கிய கைலிகள் ஊஞ்சல் மாதிரி ஆடின. வடக்கேதான் பாவம். பள்ளிவாசலில் துணி சேர்த்தார்கள், நாங்களும் ஒரு கட்டுக் கொடுத்தோம்.

ஆபித் இப்போது மிங்கலாடோனில் வேலை பார்க்கிறான். விமான நிலையத்துப் பக்கம், சரக்குக் கம்பெனி. அங்கேயே தங்கல். ஞாயிற்றுக்கிழமை வருவான். பெருநாளுக்கு வர முடியவில்லை. கேட்கிறவர்களுக்கு இப்படித்தான் சொல்கிறேன், நீயும் யாரும் கேட்டால் இப்படிச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுடைய சட்டைகளைத் துவைத்து, நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி வராந்தாக் கம்பியில் போடுகிறேன். இரண்டு சட்டை, ஒரு கைலி. சாயங்காலம் எடுத்து மடித்து வைக்கிறேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே. அழுக்கில்லாத துணியைத் துவைப்பது ஒரு மாதிரி இருக்கிறது, தம்பி. சோப்பு நுரைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் கறுக்காது. முதல் வாரம் காலரில் அவன் வாசனை இருந்தது. நானே துவைத்துப் போக்கிவிட்டேன்.

சாயிமா ஒன்றும் கேட்பதில்லை. சட்டைக்கு க்ளிப் மாட்டும்போது மட்டும் கூட வந்து நிற்பாள்.

அஸ்மா புறப்படுகிறாள், அவசரமாக முடிக்கிறேன். மதீனாவின் இரண்டு வரி இந்த முறையும் இல்லை.

அல்லாஹ்வின் காவலில்,
ஜைனப்


மண்ணடி
18 மே 2025

அன்புள்ள லாத்தாவுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ஆபித் எங்கே இருந்தாலும் அவனுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வேறொன்றும் நான் கேட்கப்போவதில்லை.

மார்த்தாவின் பதில் வந்தது. மற்றக் கவிதைகளுக்குச் சம்மதம், 'கிழக்கு வார்டு' மட்டும் கூடாதாம். அவர் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

"பக்கத்துக் கட்டிலில் இறந்த பெண் எங்கள் ஊர்க்காரி. கவிதையில் பெயர் இல்லை. ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். புத்தகம் வெளிவந்த சமயம் என் அம்மா ரொட்டிக் கடை வரிசையில் நின்றாராம். முன்னால் நின்றவர் அந்தப் பெண்ணின் கணவர். திரும்பி அம்மாவைப் பார்த்தார். தன் இடத்தை அம்மாவுக்கு விட்டுவிட்டு, ரொட்டி வாங்காமல் வெளியே போய்விட்டார். அம்மா பெரியம்மாவோடு சண்டை போடவில்லை. பண்டிகைக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார், அதில் கையெழுத்து மட்டும் இருக்கும். கடைசி வரைக்கும் அவ்வளவுதான். ஆங்கிலத்தில் வந்துவிட்டது, இனி என்ன செய்ய? வேறு மொழிகளிலாவது அந்தக் கட்டில் காலியாகாமல் இருக்கட்டும்."

மொழிபெயர்ப்பாளன் என்ன பாவம் செய்தான்? அந்தக் கவிதை இல்லாமல் புத்தகமே இல்லை என்கிறார் பதிப்பாளர். வருஷக்கணக்கான உழைப்பு. அங்கே ஒரு மூதாட்டியின் பிடிவாதத்துக்காக இங்கே தமிழ் வாசகன் ஏன் இழக்க வேண்டும்? இன்னொரு முறை எழுதிப் பார்க்கப்போகிறேன்.

இதற்கிடையே ஒரு சின்ன ஆறுதல். வெகுநாளைக்குப் பிறகு நானே சொந்தமாக ஒரு கவிதை எழுதினேன். ஒரு இணைய இதழில் வரப்போகிறது. படித்த நண்பர்கள், நான் எழுதியதிலேயே இதுதான் நல்லது என்கிறார்கள்.

எல்லோரும் சுகம். மதீனாவும்தான்.
கபீர்


அலோன்
15 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு, ஹஜ்ஜுப் பெருநாள் ஸலாம். குர்பானி இறைச்சி பள்ளிவாசலிலிருந்து வந்தது. பாதியை எதிர்வீட்டு டோ தின்னுக்குக் கொடுத்தேன். அந்தம்மா மாட்டிறைச்சி தொடமாட்டாள், ஆடு என்றால் சம்மதம்.

மழை பிடித்துக்கொண்டது. கடையில் கைலி வாடை, ஈர வாடை.

நீ கோபப்படுவாய் என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். அந்த மார்த்தாவை இன்னொரு முறை தொந்தரவு பண்ணாதே. பிடிவாதம் என்கிறாய். ரொட்டிக் கடையில் நின்றது அவளுடைய உம்மா. நீயும் இல்லை, நானும் இல்லை, அந்தத் தமிழ் வாசகனும் இல்லை. அந்தக் கணவன் ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட லோயிஸுக்கு மனசு ஆறியிருக்கும். இடத்தை விட்டுக்கொடுத்தானாமே. அதை எப்படித் தாங்குவது?

டெலிபோன் கவிதைகளைப் போடு. அவை போதும்.

நீ எழுதிய சொந்தக் கவிதையை எனக்கு அனுப்பவில்லையே. எப்போதும் எனக்குத்தானே முதலில் அனுப்புவாய்? அஸ்மா வரும்போது கொடுத்தனுப்பு.

துஆவுடன்,
ஜைனப்


அலோன்
9 ஜூலை 2025

கபீருக்கு, ஸலாம்.

அஸ்மா வரும்வரை வைத்திருக்க முடியாது. சாயிமா இதைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்பது இன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

கணேஷ்குமார் என்று ஒரு பையன். துறைமுகத்தில் சரக்கு ஆபீஸில் இருக்கிறான், கோயில் விழாக்களில் தமிழ்க் கவிதை வாசிப்பான். நம் கடையில்தான் கைலி எடுப்பான். நேற்று போனைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"ஜைனப் அக்கா, உங்க தம்பி கவிதை ஒண்ணு வந்திருக்கு. படிக்கட்டுமா?"

"படிப்பா" என்றேன். எனக்குச் சந்தோஷம்தான். கடையில் இரண்டு பேர் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களும் நம்மவர்கள். நின்று கேட்டார்கள்.

அழுக்கில்லாத சட்டையைத் துவைக்கிறாள் ஒருத்தி என்று ஆரம்பித்தான். தண்ணீர் கறுக்கவில்லை என்று படித்தான். காலர் வாசனையை நானே போக்கிவிட்டேன் என்று படித்தான். கடைசியில், 'அலோனில் இருக்கும் லாத்தாவுக்கு' என்று படித்தான்.

"எப்படிக்கா எழுதுறாரு! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழ் வாசிக்க வராதுல்ல, அதான் நானே பர்மா பாஷையில மாத்தி ஃபேஸ்புக்ல போட்டேன். நெறைய பேரு பாத்துட்டாங்க."

துணி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கைலியை மடித்து வைத்துவிட்டு, "அப்புறம் வர்றோம்மா" என்று போய்விட்டார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் கணேஷுக்கு உறைத்தது. "அக்கா, இது... உங்க வீடா?" என்றான். அங்கேயே நின்று அழித்தான். நல்ல பையன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

சாயங்காலம் டோ தின் வந்தாள். அந்தம்மாவின் வராந்தா எங்கள் வராந்தாவுக்கு நேர் எதிரே. சுண்டல் கொண்டுவந்திருந்தாள். போகும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "மா ஜைனப், நான் ஒண்ணும் கேக்கல. உன் மகன் சட்டை துவைச்சுத் துவைச்சு வெளுத்துப் போச்சு. இனிமே காயப்போடாதே. நான் மட்டும் பாத்துக்கிட்டிருந்த வரைக்கும் பரவாயில்ல."

இத்தனை மாதமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தம்பி. தெரியாதது மாதிரியே இருந்திருக்கிறாள்.

கவிதையை எடுத்துவிடு. இன்றைக்கே. 'உனக்கு மட்டும்' என்று நான் எழுதவில்லைதான். கடிதத்தில் அப்படி எழுத வேண்டுமா?

ஜைனப்


மண்ணடி
10 ஜூலை 2025

லாத்தா, ஸலாம்.

எடுத்துவிட்டேன். ஆசிரியரை எழுப்பி எடுக்கச் சொன்னேன். எடுத்துப் போட்டிருந்த இன்னும் இரண்டு பேருக்கும் எழுதி நீக்கச் செய்தேன். வேறு யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அலோன் என்று போட்டிருக்கக் கூடாது. அது என் புத்தி கெட்ட வேலை. பெயர் போடவில்லையே, தமிழ்தானே, அங்கே யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அது பர்மியத்துக்குப் போகும் என்று கனவிலும் எண்ணவில்லை.

ஆனால் லாத்தா, ஒன்றை மட்டும் நம்புங்கள். அதில் உங்களை நான் குறைவாக எழுதவில்லை. எத்தனையோ தாய்மார் தங்கள் கதை என்று எனக்கு எழுதினார்கள். உங்கள் வார்த்தைகள் அவ்வளவு அழகாக இருந்தன. அவற்றை ஒரு கடிதத்துக்குள் மூடி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என்ன நடக்கிறது என்று உடனே சொல்லுங்கள். போன் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். சாயிமாவும் எடுப்பதில்லை. ஒரே ஒரு வார்த்தை அனுப்பினால் போதும்.

கபீர்


தன்லியின்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பி கபீருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். வீட்டுக்காரர் வீட்டைக் கேட்டதால் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினுக்கு வந்துவிட்டோம். வீடு நல்ல வீடு. பாலம் வழியே பஸ் இருக்கிறது. சாயிமா நலம். ஆபித் நலம். மழை குறைந்திருக்கிறது.

உனக்கும் மதீனாவுக்கும் துஆ.
வஸ்ஸலாம்.
ஜைனப்


மண்ணடி
19 அக்டோபர் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு ஸலாம். உடம்பு சுகமா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. சுகம் என்றுதான் எழுதுவீர்கள்.

உங்கள் செப்டம்பர் கடிதம் வந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாத கடிதம். மார்த்தா சொன்ன வாழ்த்து அட்டைகள் இப்படித்தான் இருந்திருக்கும்.

அஸ்மாவை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். "கடையைக் கைமாத்தி விட்டுட்டாங்களே, தெரியாதா உங்களுக்கு? பட்டாளத்துக்கு எடுக்கிற பேர்ப்பட்டியல எடுத்துக்கிட்டு ஆளுங்க ரெண்டு தடவ வந்து மகன் எங்கன்னு கேட்டுட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் அக்கா அங்க இருக்கல" என்றார். சொல்லிவிட்டு, "நான் சொன்னேன்னு எழுதிடாதீங்க" என்றார். எழுதிவிட்டேன். அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

போன கடிதத்தில் உங்கள் வார்த்தைகள் அழகாக இருந்தன என்று எழுதினேன். உங்கள் மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியாத நேரத்தில் உங்களிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்த்தாவுக்கு மறுபடி எழுதினேன். அனுமதி கேட்டு அல்ல. 'கிழக்கு வார்டு' தமிழ்ப் பிரதியை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை என்று சொல்ல. பதிப்பாளர் புத்தகமே வேண்டாம் என்றார். ஒரு சின்ன அச்சகம் டெலிபோன் கவிதைகளை மட்டும் போடுகிறது. மெலிந்த புத்தகம்தான். கெஸ்லிங் பெரிய கவி. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அவர் செய்தது சரி என்று மட்டும் இனி யாரிடமும் வாதாட மாட்டேன்.

இனி நான் உங்களைக் கேட்க ஒன்றுமில்லை. சொல்ல ஒன்று இருக்கிறது.

மதீனா இங்கே இல்லை. போன வருஷக் கடைசியிலேயே நாகூரில் அவள் உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நீங்கள் அவளைக் கேட்டபோதெல்லாம் வேலை என்றும் சுகம் என்றும் எழுதினேன். சண்டை எதுவும் இல்லை. அவளுடைய வாப்பா மௌத்தான அன்று ராத்திரி அவள் என்னிடம் நிறையப் பேசினாள். அதிலிருந்து ஒரு விஷயம் என் கவிதையில் வந்தது. அவள் படித்தாள். பெட்டி கட்டும்போது சொன்னது இதுதான்: "நான் ஒண்ணு சொன்னா நீங்க கேக்குறதே இல்ல. எடுத்துக்கிறீங்க."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். உங்களுக்கும் அதையே செய்தேன்.

வீட்டில் ஒரே ஆளாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். சோறு வேகிறது, குழம்புதான் வரமாட்டேன் என்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கபீர்


தன்லியின்
7 டிசம்பர் 2025

அன்புத் தம்பி கபீருக்கு லாத்தா எழுதுவது. ஸலாம். என் முழங்கால் இங்கே வந்த பிறகு மோசம். மாடிப்படி இருக்கிறது. மற்றபடி உயிரோடு இருக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்கவும் ஆரம்பித்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. உடனே எழுதப் பிடிக்கவில்லை. கோபம் போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முழுக்கப் போகவில்லை. இருக்கட்டும், அதோடேயே எழுதுகிறேன்.

அஸ்மா சொன்னது உண்மை. இரண்டு முறை வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். மகன் சம்பாதிக்க வெளியே போனான், எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை என்றேன். இரண்டாம் முறை சாயிமாவின் வயதைக் கேட்டார்கள். பெண் பிள்ளைகளையும் எடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். டோ தின்னின் தங்கை வீடு இது. அந்தம்மாதான் பேசி வாங்கிக் கொடுத்தாள். பஸ் ஏறும்போது என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். இங்கே ஃபாக்டரிக்குப் போகிற பெண்களுக்கு வாசலில் வைத்துத் துணி விற்கிறேன். அலோன் கடையளவு வராது, ஆனால் வருகிறது. சாயிமா என்னிடம் தமிழ் படிக்கிறாள். தானாகத்தான் கேட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆபித் பேசினான். அவன் குரலை நான் கேட்டு எட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. மெலிந்திருக்கிறான் என்று குரலிலேயே தெரிந்தது. "நல்லா சாப்பிடுறேம்மா" என்றான். ஒரு சமையல்கட்டில் வேலையாம். எந்த ஊர், எந்த நாடு என்று எனக்குத் தெரியும். நீ நேரில் வரும்போது சொல்லுவேன். தாளில் எழுத மாட்டேன். உன்னைத் தண்டிக்க அல்ல. இனி யாருக்குமே எழுத மாட்டேன்.

உன் மெலிந்த புத்தகம் வந்ததும் அனுப்பு. அந்த எக்ஸ்சேஞ்சுப் பெண் கவிதை முதலில் இருந்தால் நல்லது.

இனி மதீனா விஷயம். உன் கடிதத்தைப் படித்த மறுநாள் அவளுக்குப் போன் செய்தேன். லைன் நல்லபடி கிடைத்தது, வெகுநேரம் பேசினோம். முதலில் அழுதாள். பிறகு சிரிக்கவும் செய்தாள். நான் ஒரு இடத்தில் அழுதேன். உன்னைப் பற்றியும் பேசினாள், உன்னைப் பற்றியில்லாததும் நிறையப் பேசினாள்.

என்ன சொன்னாள் என்று உனக்குத் துடிக்கும். எழுத மாட்டேன், தம்பி. அது அவள் என்னிடம் சொன்னது.

நாகூருக்குச் சென்னையிலிருந்து வண்டி இருக்கிறதாமே. ஏறிப் போ. போய் அவள் பக்கத்தில் உட்கார். பேசினால் கேள், பேசாவிட்டாலும் உட்கார்ந்திரு. அவள் என்ன சொன்னாலும் அதை எனக்குக்கூட எழுதாதே.

அல்லாஹ் உன்னை நல்லபடி கொண்டுசேர்க்கட்டும்.
உன் லாத்தா,
ஜைனப்